கொம்பியூட்டருக்கு அம்மாள் வந்த காலம்

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்தது சுனாமியால்தான். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கரைவலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார், திரும்பி வரவில்லை. தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு வளவு கடலுக்கு எதிர்ப்புறம், வாவிப் பக்கமாக இருந்ததால் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பாவைக் கொண்டுபோன கடல் வீட்டில் ஒரு பாயைக்கூட நனைக்கவில்லை என்பதை அம்மாவால் வெகுகாலம் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வீடாவது மிஞ்சியதே என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு, வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பிள்ளைகளுக்காக வெளிநாட்டு உதவிக்காரர்கள் ஒரு நிலையம் நடத்தினார்கள். மட்டக்களப்பு டவுனில் கொம்பியூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அங்கே வேலைக்கு எடுத்தார்கள். நிலையத்தை மூடிக்கொண்டு போகும்போது அங்கிருந்த பழைய கொம்பியூட்டர்களை வேலைசெய்தவர்களுக்குப் பங்கு வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது ஏதோ குளிர்தேசத்துப் பள்ளிக்கூடம் கழித்துவிட்டது. சில எழுத்துகளுக்கு மேலே புள்ளி வைத்த கீபோர்ட், பெட்டியின் பக்கத்தில் பாதி சுரண்டிய பனிமனிதன் ஸ்டிக்கர். உள்ளே, படம் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கார்ட் செருகியிருந்தது. அந்தக் கார்டை இயக்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது இருக்கிற சீடியை மட்டும் யாரும் சேர்த்து அனுப்பவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர், "எல்லா டிரைவரும் இதுக்குள்ள கிடக்கு, போடுங்க" என்று ஒரு சீடியைக் கையில் தந்தார். போட்டேன். திரை வந்தது, எழுத்து வந்தது. சரி, தலையிடி விட்டது என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான். தம்பி அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். மீசை அரும்பி, குரல் உடைந்து, அப்பாவின் சேட்டுகள் அவனுக்கு அளவாக வரத் தொடங்கியிருந்த வயது. சண்டை திரும்பத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில் அந்த வயதுதான் ஆபத்தான வயது. ஒரு பக்கம் ராணுவத்தின் சுற்றிவளைப்பு, இன்னொரு பக்கம் ஆயுதக் குழுக்களின் ஆள் பிடிப்பு. வாவிக்கு அந்தப் பக்கம் வெல்லாவெளிப் பகுதியில் ஷெல் விழுகிற சத்தத்துக்கு எங்கள் ஜன்னல் கதவு அதிரும். சந்திக்குப் போன பொடியன் திரும்பவில்லை, பந்தடிக்கப் போன பொடியன் திரும்பவில்லை என்று ஊருக்குள் கதை வந்துகொண்டே இருந்தது. பிடித்தது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பிள்ளை இல்லை என்பது மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

பின்னேரமானால் தம்பியின் கூட்டாளிகள் மூன்று பேர் எங்கள் கடப்படியில், அதுதான் வேலி திறந்திருக்கிற வாசலில், சைக்கிளை நிறுத்தி விசில் அடிப்பார்கள். அந்த விசிலைக் கேட்டாலே அம்மா செய்த வேலையை விட்டுவிட்டுக் கடப்படிக்கு வந்துவிடுவார்.

"கடல் ஒராளைக் கொண்டுபோயிட்டு. இவனை நான் றோட்டுக்குக் குடுக்க மாட்டன்" என்றார் என்னிடம். "கட்டி வைக்கேலுமா புள்ள? வளந்த பொடியன். நீ ஏதாவது செய்."

நான் செய்தது, டவுனிலிருந்து ஒரு கார் ஓட்டப் போட்டி கேம் கொண்டுவந்தது. டிவி பார்த்தால் கண் பழுதாகும் என்று எங்களை வளர்த்த மனுசி, கேம் வந்த அன்றைக்கே வீட்டில் இருந்த ஒரேயொரு மின்விசிறியை இழுத்துக்கொண்டுபோய் மகனுக்குப் பக்கத்தில் வைத்தார். தேத்தண்ணி மேசைக்குப் போனது. அவித்த பனங்கிழங்கு உரித்து நார் எடுத்து மேசைக்குப் போனது. நான் படித்த காலத்தில் எனக்கு ஒரு கோப்பை தண்ணீர்கூட மேசைக்கு வந்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஆனால் கேம் ஓடவில்லை. தொடங்கும், காரும் புறப்படும், முதல் வளைவு வரைக்கும் போகும். அந்த வளைவில் வெயில் பட்டு றோட்டு மினுங்குகிற காட்சி ஒன்று உண்டு. அங்கே வந்ததும் திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றும். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒன்று பத்தாகும், பத்து பரவும், வானம், மரம், கார் எல்லாம் புள்ளியாகும். பிறகு படம் அப்படியே உறைந்து, நீலத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ புலம்பிவிட்டு, கொம்பியூட்டர் தானாக அணைந்து திரும்ப எழும்பும். தம்பி மேசையில் ஓங்கி ஒரு குத்து விடுவான். பிறகு சைக்கிளைப் பார்ப்பான்.

அவன் சைக்கிளைப் பார்ப்பதை அம்மா பார்ப்பார். அப்போது நான் டவுனில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற வேலையில் இருந்தேன். பஸ்சில் நசுங்கி வந்து இறங்க, செருப்புக் கழற்ற முன்னமே கேள்வி வரும். "என்ன புள்ள, அந்தக் கேம் ஓடுமா ஓடாதா?"

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். "நான் என்ன மந்திரவாதியா?" என்று சீறிவிட்டு, முகம் கழுவாமலே அதன் முன்னால் போய் இருப்பேன். நிறங்களைக் குறைத்துப் பார்த்தேன். திரையைச் சின்னதாக்கிப் பார்த்தேன். அமைப்புகளுக்குள் போனால் கார்டின் வேகத்தைக் குறைக்கிற ஒரு குமிழ் இருக்கும். அதை அடியோடு இழுத்துவிட்டால் புள்ளி வராது, ஆனால் ஓட்டப் போட்டிக் கார் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியாகிவிடும். தம்பி, "இதுக்கு நான் நடந்தே போவன் அக்கா" என்றான். டவுனில் இன்டர்நெட் கடையில் இருந்து புது டிரைவர் ஒன்றை இறக்க முயன்றேன். முக்கால்வாசி வரும்போது லைன் அறுந்துவிடும். ஒருநாள் முழுதாக வந்தது. ஓடி வந்து போட்டேன். முன்னம் முதல் வளைவில் வந்த புள்ளி இப்போது புறப்படுகிற இடத்திலேயே வந்தது. பழைய டிரைவரை எடுக்காமல் அதற்கு மேலேயே புதியதைப் போட்டிருந்தேன். ஒரு குசினியில் இரண்டு பேர் ஒரே சட்டிக்கு உப்புப் போட்ட கதை.

அன்றைக்குத்தான் அம்மா அந்தப் புள்ளிகளை முதன்முதலாக நன்றாகப் பார்த்தார். கையில் அகப்பையோடு வந்தவர் திரைக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். அகப்பையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு மெல்ல விலகினார்.

"இது அம்மாள்" என்றார்.

"என்னது?"

"அம்மாள் போட்டிருக்கு புள்ள. பாரன், முதல்ல முகத்தில ரெண்டு, மறுகா உடம்பு முழுக்க. தொட்டுப் பார், கொதிக்குது."

பெட்டி கொதித்தது உண்மைதான். அதற்காக இதுவா? நான் சிரித்த சிரிப்பில் தம்பியும் சேர்ந்து சிரித்தான். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அம்மா எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், வந்த வீட்டில் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தார். கொம்பியூட்டருக்கு மேலே வேப்பங்கொத்து வைத்தார். மேசையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குளிர்த்தித் திருவிழாவுக்குக் கண்ணகை அம்மனுக்குப் படையல் சாமான் நிறைந்த மடைப்பெட்டி கொண்டுவருவதாக நேர்ந்தார். வழக்கப்படி, கடப்படியிலும் வேப்பிலை கட்டினார். எங்கள் பக்கத்தில் கடப்படியில் வேப்பிலை தொங்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டில் அம்மாள் இருக்கிறது, விலகிப் போ என்று அர்த்தம்.

அதோடு மச்சமும் நின்றது, மீன் இறைச்சி ஒன்றும் இல்லை. வாவிக்கரையில் இருந்துகொண்டு, இறாலும் மணலை மீனும் காலடியில் துள்ளுகிற ஊரில், பருப்பும் பூசணிக்காயும்.

"அம்மாள் கொம்பியூட்டருக்கு. எனக்கு ஏனம்மா மீன் இல்ல?" என்று தம்பி கேட்டான்.

"வாயைப் பொத்து. ஒரு வீட்டில இருந்துகொண்டு அதுக்கு வேற எனக்கு வேறயா?"

மறுநாள் பின்னேரம் கூட்டாளிகள் வந்தார்கள். விசில் பாதியில் நின்றது. வேப்பிலையைப் பார்த்து, தூரத்திலேயே நின்று, "ஆருக்கடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொம்பியூட்டருக்கு என்று எந்த வாயால் சொல்வான்? அவனுக்குத்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பள்ளிக்கூடமும் அந்த நேரம் இருந்தும் இல்லாமலும்தான் நடந்தது; அவன் வீட்டில் இருந்தே படித்தான்.

எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. நான் டவுனில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள். என் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வேப்பிலை. இதைத் திருத்தாமல் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். நீலத் திரையில் வந்த கோப்பின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் டவுனில் தெரிந்தவர்கள் எல்லாரையும் அரித்தேன். கடைசியில் விளங்கிய விஷயம் மிகச் சின்னது. எங்கள் கார்ட் பழையது. நான் புதியது நல்லது, அதைவிடப் புதியது அதைவிட நல்லது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டுக்கு வேண்டியது அதன் காலத்து டிரைவர். இருப்பதையெல்லாம் அடியோடு துடைத்துவிட்டு அதை மட்டும் போடவேண்டும்.

அப்படி ஒரு சீடி கிடைத்தது. வரும்போது சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன படம் என்று கேட்பார் என்று நான் சிங்களத்தில் பதிலைப் பாடமாக்கிக்கொண்டு நின்றேன். அவர் மினுக்கமான பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்து, மீசையைத் தடவிவிட்டு, திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து, "சரியான சீடி கிடைச்சிட்டு, இண்டைக்கு இது ஓடும்" என்று சத்தமிட்டேன். அம்மா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன அவசரம்? களைச்சுப்போய் வந்திருக்காய். ஆறுதலாச் செய்யலாமே."

"இவ்வளவு காலமும் என்னைப் பிச்சுத் தின்னுபோட்டு இப்ப அவசரமில்லையா?"

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. சேஃப் மோடில் ஏற்றி, முன்னம் போட்ட டிரைவர்கள் எல்லாவற்றையும் துடைத்து, அந்தச் சீடியில் இருந்ததை மட்டும் ஏற்றினேன். கேமைப் போட்டேன். முதல் வளைவு வந்தது. றோட்டு மினுங்கியது. கார் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு புள்ளி இல்லை. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், தம்பி சுவரோடு சாய்ந்து நிற்கிறான், முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. "நல்லா இருக்கு அக்கா" என்றான், யாரோ செத்த வீட்டில் கதைக்கிற குரலில்.

அம்மா வந்து திரையைப் பார்த்தார். திரும்பக் குசினிக்குப் போனார். மறுநாள் காலை மேசையைத் துடைத்து, கொத்தை எடுத்து, கடப்படி வேப்பிலையையும் அவிழ்த்தார். அம்மாள் இறங்கிய பிறகும் வேப்பிலையைக் கட்டி வைத்திருந்தால் அவவைத் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி, வீட்டில் இருக்கிற பிள்ளைக்கே போட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. முடிச்சை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடினேன்.

பின்னேரம் நான் வர, திரை முழுக்கப் புள்ளி. முன்னையதைவிட மோசம். அம்மா கிணற்றடியில் இருந்தார். நான் தம்பியைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடா செய்தாய்? எதைத் தொட்டாய்?"

"ஒண்டும் தொடல்ல."

சீடித் தட்டைத் திறக்கிற பொத்தானை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது. அதில் இருந்தது என் சீடி இல்லை. அந்தக் கடைக்காரர் முதன்முதலில் தந்த பழைய சீடி. என் டிரைவரைத் துடைத்துவிட்டு, பிழையான டிரைவரைத் தேடி எடுத்து, நான் செய்த முறையிலேயே ஒழுங்காக ஏற்றியிருக்கிறான். பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறான், கள்ளன்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவன் விலகவில்லை.

"அம்மா வேப்பிலையைக் கழட்டிட்டா அக்கா" என்றான்.

பிறகுதான் சொன்னான். நான் டவுனில் இருந்த ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிள்களில் சிலர் வந்திருக்கிறார்கள். தமிழ் கதைக்கிறவர்கள்தான். அவனுடைய பெயரைச் சரியாகச் சொல்லி, விசாரிக்கவேண்டும், வெளியே வரச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். அம்மா கடப்படியில் நின்று, மகனுக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் போட்டிருக்கு என்று சொல்லியிருக்கிறார். முன்னால் வந்தவர் வேப்பிலையை நிமிர்ந்து பார்த்து, வைத்த காலைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார்.

"சுகமானாப் பிறகு வாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்க. உனக்குச் சொன்னா நீ பயத்தில வேலைக்குப் போகமாட்டாய் எண்டு அம்மா சொல்ல வேணாம் எண்டவ." அவன் என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பொய்யாக் கட்டி வைக்க அம்மாவுக்கு அம்மனில பயம். எனக்கு அவங்களில பயம். வேற என்ன செய்யிறது?"

அத்தனை வளர்ந்த பொடியன், பயம் என்று வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தலையில் வைத்தேன். இரண்டு பேரும் அந்தப் புள்ளித் திரையைப் பார்த்தோம். சிவப்பு, பச்சை, மஞ்சள். என் தொழிலில் நான் கண்ட எந்தத் திரையும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

"அம்மா!" என்று கூப்பிட்டேன். "இஞ்ச வந்து பாருங்க, திரும்பவும் போட்டிருக்கு!"

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். பார்த்தார். "ஐயோ அம்மாளாச்சி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கையோடு வேப்ப மரத்தடிக்குப் போனார். ஆபத்து வந்த வீட்டில் இவ்வளவு உற்சாகமாக வேப்பிலை ஒடித்த மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று தொடக்கம் திரும்பவும் பருப்பு, பூசணிக்காய். தம்பி ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லாமல் தின்றான்.

அதற்குப் பிறகு நானும் பின்னேரங்களில் அதன் முன்னால் இருந்து வெகு மும்முரமாகத் திருத்தினேன். குமிழை இழுப்பேன், விடுவேன், நிறத்தைக் குறைப்பேன், கூட்டுவேன், தலையை ஆட்டுவேன். "சரிவருமா?" என்று அம்மா கேட்பார். "லேசில சரிவராது போல" என்பேன். "ஓம், ஓம், ஆறுதலாப் பார்" என்பார். அயல் வீட்டார் வேலிக்கு அப்பால் நின்று, இவ்வளவு காலமாகவும் இறங்கவில்லையா என்று கேட்டால், இது பொல்லாத அம்மாள், போய்ப் போய் வருகிறது என்று அவரே சமாளித்துவிடுவார். அந்த மோட்டார் சைக்கிள்கள் இன்னொரு தடவை வந்தன. அன்றைக்கு நான் வீட்டில் நின்றேன். கடப்படியில் பச்சை வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமலே போனார்கள். அம்மா உள்ளே வந்து, கொம்பியூட்டர் மேசையின் காலடியில் அப்படியே குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

வாவிக்கு அப்பால் சண்டை ஓய்ந்து, வந்துபோனவர்களும் வேறெங்கோ போன பிறகு, ஒருநாள் தம்பியே என் சீடியைத் தேடி எடுத்துப் போட்டான். புள்ளி இறங்கியது. அம்மா மேசைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, நேர்ந்தபடி குளிர்த்திக்கு மடைப்பெட்டி கொண்டுபோனார். ஆனாலும் தம்பி வெளியே போகவில்லை. வீட்டில் இருந்தே சோதனைக்குப் படித்தான், வேலைக்கு எழுதிப் போட்டான், ஊரில் பழுதான கொம்பியூட்டர்களை வாங்கி வைத்துத் திருத்தினான். யாருக்காவது கேம் நின்றால், முதலில் பழையதைத் துடையுங்க, பிறகு புதியதைப் போடுங்க என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்வான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அந்த வைகாசியில், ஊரில் யாருக்கும் சந்தோசப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. அப்படி ஒரு பின்னேரம் அவன் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். கார் எந்த வளைவிலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன் மனே, எந்த நேரமும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காய்? வெளிய கொஞ்சம் போய்ட்டு வாவன்."

அவன் கையை எடுத்தான். கார் வேலியில் மோதி நின்றது. நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எழுந்து குசினி வாசலுக்குப் போனேன். அம்மா மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறது?" என்றான்.

"முன்னம் போற இடத்துக்கு. வாவிக்கரைக்கு."

"ஆரோடம்மா?"

அம்மாவின் கை நின்றது. கடப்படியில் விசில் அடித்த அந்த மூன்று பேரில் ஒருவன் கட்டாரில் இருந்தான். ஒருவன் கொழும்பில் லொறி ஓட்டினான். மற்றவனுடைய தாய் இன்னும் அவனுடைய படத்தோடு ஒவ்வொரு முகாம் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சட்டியை இறக்கி வைத்தார். கையைச் சீலையில் துடைத்தார்.

"நில்லு மனே" என்றார். "செருப்பைப் போட்டுட்டு நான் வாறன்."